வேண்டும், வேண்டாம்: கட்டைவிரலுக்கு ஒரு போன்

மருத்துவர் சொன்னது: "மாத்திரையை நிறுத்த வேண்டாம், பாதியாகக் குறைத்தால் போதும்." நான் தட்டியது: "மாத்திரையை நிறுத்த வேண்டும்." மீதியைத் தட்டுவதற்குள் அப்பா போனைக் கையில் வாங்கிவிட்டார். படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படித்தார். பிறகு மருத்துவரிடம், "நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறிவிடாதா, டாக்டர்?" என்று கேட்டார். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

அப்பாவுக்கு ஆறு ஆண்டுகளாகக் காது கேட்பதில்லை. செவித்துணைக் கருவி இருக்கிறது. "சத்தம் கேட்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை" என்று சொல்லி அதைக் கழற்றி வைத்துவிடுவார். ஆகவே அவரைச் சுற்றி நடக்கும் பேச்சை எல்லாம் நான் போனில் தட்டுகிறேன், அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்கிறார். வீட்டுப் பேச்சு என்றால் அவசரமில்லை. வெளியில் அப்படியில்லை. எதிரில் இருப்பவர் இரண்டு வாக்கியம் சொல்லி முடிக்கும்போது நான் முதல் வாக்கியத்தின் பாதியில் இருப்பேன். அவர் எனக்காக நிறுத்திக் காத்திருக்கத் தொடங்கிவிட்டால் பேச்சு செத்துவிடும். அதன் பிறகு எல்லோரும் என்னிடம்தான் பேசுவார்கள், அப்பாவிடம் பேச மாட்டார்கள். என் வேகம் குறைந்தால் அப்பா அந்த அறையில் இல்லாதவர் ஆகிவிடுகிறார். அவ்வளவு எளிய கணக்கு.

அந்த ‘வேண்டும்’ எங்கிருந்து வந்தது என்று அன்று இரவே பார்த்தேன். ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டும் முறையில்தான் அப்போது இருந்தேன். முதல் நான்கைந்து எழுத்துகளைத் தட்டியதுமே விசைப்பலகைக்கு மேலே உள்ள பட்டையில் சொற்கள் வந்து நிற்கும். அதில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். விரல் அரை மயிரிழை நகர்ந்தால் பொருள் தலைகீழாகிவிடும். போன் சின்னது, திரை ஒடுக்கம், என் கட்டைவிரல் பெரியது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய போன் வாங்கினால் தீர்ந்துவிடும் என்றும் முடிவு செய்தேன். அதுதான் முதல் தவறு.

என்னிடம் இருந்தது 5.5 அங்குலத் திரை. வாங்கியது 6.5 அங்குலம். பெட்டியில் போட்டிருந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினேன். முதல் நாளே பிழைகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. புதிய போன், பழகப் பழகச் சரியாகும் என்று இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் வீட்டில் கிடந்த பள்ளிக்கூட அளவுகோலை எடுத்து இரண்டு திரைகளின் அகலத்தையும் அளந்தேன். பழையது 68 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். புதியது 65. ஓர் அங்குலம் பெரிய போனை வாங்கி மூன்று மில்லிமீட்டரை இழந்திருக்கிறேன்!

காரணம் எளிது. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை போடும் அளவு. பழைய போனின் திரை 16:9 என்ற விகிதம், புதியது 21:9. உயரம் கூடக் கூட மூலைவிட்டம் வளரும், அகலம் அப்படியே இருக்கும் அல்லது சுருங்கும். படம் பார்ப்பவருக்கு அந்த உயரம் லாபம். தட்டுபவருக்கு விசைப்பலகை அகலத்தில்தான் விரிகிறது; உயரத்தால் ஒரு பயனும் இல்லை. இன்று பரவலாகக் கிடைக்கும் 19.5:9 விகிதத்தில் 6.1 அங்குலத் திரை என்றால் அகலம் ஏறக்குறைய 65 மில்லிமீட்டர், 6.7 அங்குலம் என்றால் 71. ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் பத்து விசைகள். அப்படியானால் ஒரு விசைக்கு 6.5 மில்லிமீட்டர் அல்லது 7.1 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நாள் முழுவதும் தட்டிப் பார்த்தால் அந்த அரை மில்லிமீட்டரின் மதிப்பு தெரியும். ஆண்ட்ராய்டு செயலிகளை வடிவமைப்பவர்களுக்குக் கூகுள் தரும் பரிந்துரை, தொடும் பொத்தான் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது. நிமிர்த்திப் பிடித்துத் தட்டும் சாதாரணப் போன்களின் விசைப்பலகை அந்த அகலத்தை எட்டுவதில்லை.

எட்டாத குறையை விசைப்பலகைச் செயலி ஊகத்தால் நிரப்புகிறது. கண்ணுக்குத் தெரியும் விசையின் எல்லை வேறு, செயலி கணக்கில் எடுக்கும் எல்லை வேறு. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று பார்த்து, வரக்கூடிய எழுத்தின் எல்லையை அது தானாக விரித்துக்கொள்கிறது. ஆங்கிலம் தட்டும்போது நம் விரல் பிசகினாலும் சரியான எழுத்து விழுவது இதனால்தான். மொழியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் அதே உதவி உபத்திரவமாக மாறும். அது ஆங்கிலச் சொல்லை எதிர்பார்த்து எல்லைகளை விரித்துவைத்திருக்கும். நாம் வேறு எங்கோ போய்க்கொண்டிருப்போம். இது தெரியாமல் எத்தனை நாள் என் விரலைத் திட்டியிருக்கிறேன்!

ஆக, இரண்டாவது போன் தேடுவதற்கு முன் தட்டும் முறையை மாற்றிப் பார்ப்போம் என்று தமிழ்99க்கு வந்தேன். 1999இல் வரையறுக்கப்பட்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். இரட்டிக்கும் எழுத்துக்கும் ந்த, ண்ட, ம்ப போன்ற இணைகளுக்கும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ‘மாத்திரை’ என்று தட்ட ம, ஆ, த, த, இ, ர, ஐ என ஏழு விசை போதும். ஒலிபெயர்ப்பில் ஒவ்வோர் ஒலியையும் முழுதாகத் தட்டினால் அதே சொல்லுக்குப் பதினொன்று. ஊகித்துக் குறில் நெடிலை நிரப்பும் செயலிகளில் விசை குறையும். ஆனால் ஊகம்தானே என்னை மருத்துவர் முன் தலைகுனிய வைத்தது.

பழக மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் அப்பா பொறுமையிழந்து, "நீ எழுதி முடிப்பதற்குள் நான் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன் போலிருக்கிறது, அம்மா" என்றார். மூன்றாவது வாரம் கை தானாகப் போனது. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரண்டு கட்டைவிரல்களும் முறை வைத்து வேலை செய்கின்றன. வல விரலுக்குச் சுமை சற்று அதிகம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கணினியில் உள்ளபடியே அடுக்கினால் தமிழ்99இன் மேல் வரிசையில் பத்து அல்ல, பன்னிரண்டு விசை. 65 மில்லிமீட்டரைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு விசைக்கு 5.4. 71ஐ வகுத்தால் 5.9. ஆங்கிலத்தில் தட்டுபவர் 6.1 அங்குலப் போனோடு நிம்மதியாக இருக்கலாம். தமிழ்99இல் தட்டுபவருக்கு அகலம் இன்னும் அவசியம். எந்த முறையில் தட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் போனைப் பார்க்கவே போக வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

இரண்டாம் முறை அளவுகோலோடு கடைக்குப் போனேன். கடைப்பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

அங்கே கற்றுக்கொண்டதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காட்சிக்கு வைத்திருக்கும் போனில் தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்காது. அமைப்புகளுக்குள் போய் மொழியைச் சேர்க்கச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். ஆங்கிலத்தில் நாலு எழுத்து தட்டிப் பார்த்துத் தமிழுக்கு வாங்குவது, செருப்பைக் கையில் போட்டுப் பார்த்து வாங்குவது மாதிரி. தட்டிப் பார்க்க ஒரு வாக்கியத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். அன்றாடம் தட்டும் வாக்கியமாக இருக்க வேண்டும். என்னுடையது இது: "நாளைக் காலை வெறும் வயிற்றில் வர வேண்டாம், மதியம் வந்தால் போதும்." இதை நின்றுகொண்டு பத்து முறை தட்டினேன். உட்கார்ந்து தட்டுவது வேறு, நின்றபடி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவது வேறு. எந்த எழுத்தில் விரல் திரும்பத் திரும்பப் பிசகுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அது ஓரத்து விசையாக இருக்கும்.

ஓரம் என்றதும் வளைந்த திரை நினைவுக்கு வருகிறது. கண்ணாடி இருபுறமும் மடிந்து இறங்கும் அந்த அழகை நானும் ரசித்தேன். ஆனால் தமிழ்99இல் இட ஓரத்தில் நிற்பவை ‘ஆ’வும் ‘அ’வும். வளைவில் விரல் வழுக்கும், போனைப் பிடித்திருக்கும் உள்ளங்கையும் தெரியாமல் திரையைத் தொடும். தட்டுவதற்கு வாங்குபவர் தட்டையான திரையைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. உறையும் அப்படித்தான்: திரையைக் காக்க விளிம்பை உயர்த்திச் செய்த உறை, ஓரத்து விசைகளை அடைய விடாமல் மதில் கட்டிவிடும். என் பழைய உறையின் விளிம்பைக் கத்தியால் சீவியிருக்கிறேன்.

எடை அடுத்தது. காட்சிப் போனின் முதுகில் திருட்டுத் தடுப்புக் கம்பி தொங்கும். அதனால் எடையைக் கையில் சரியாக உணர முடியாது. ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும், அல்லது விவரத் தாளில் கிராம் கணக்கைப் பார்க்க வேண்டும். 200 கிராமைத் தாண்டும் போன்கள் இன்று சர்வ சாதாரணம். அதைவிட முக்கியம், அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. கேமராக்கள் எல்லாம் மேல்பாதியில். நாம் தட்டுவது அடிப்பகுதியில். அடியில் பிடித்தால் தலை கனத்து முன்னால் சாயும். சாயாமல் தாங்குவது சுண்டுவிரல். என் முதல் ‘பெரிய’ போன் ஐந்து மாதத்தில் எனக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு வலியைக் கொடுத்தது. ஜாடியின் மூடியைத் திருக முடியவில்லை. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கிறது, போனை ஓய்வு கொடுத்துப் பயன்படுத்துங்கள் என்றார் மருத்துவர். அந்த அறிவுரையையும் நானே தட்டித்தான் அப்பாவுக்குக் காட்டினேன்.

அதிர்வைப் பற்றி ஒரு சொல். விசையைத் தொட்டதும் சின்னதாக ஒரு துடிப்பு வந்தால், திரையைப் பார்க்காமலே எழுத்து விழுந்ததை விரல் அறிந்துகொள்ளும். எனக்கு அது முக்கியம். பேசுபவரின் முகத்தையும் பார்க்க வேண்டுமே. இரண்டு வகை மோட்டார்கள் உண்டு. சமநிலையற்ற எடையைச் சுழற்றி அதிரவைப்பது ஒன்று. அது தொடங்கவும் நிற்கவும் நேரம் எடுப்பதால் வேகமாகத் தட்டும்போது எல்லாம் சேர்ந்து ஒரே முனகலாகிவிடும். நேர்கோட்டில் முன்னும் பின்னும் அசைவது மற்றது. ஒவ்வொரு தட்டலுக்கும் தனித்தனியாக ‘டக்’ என்று நிற்கும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் முதல் வகைதான். அந்த முனகலைவிட அதிர்வை அணைத்துவைப்பதே மேல்.

திரை வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 60 முறை என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிவினாடி, 120 என்றால் 8.3. கண்ணுக்கு இதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. என் தட்டும் வேகத்தில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. ரேம் குறைவாக இருந்தால்தான் பெரிய தொல்லை. விசைப்பலகையும் ஒரு செயலிதான். நினைவகம் போதாதபோது போன் அதை வெளியே தள்ளிவிட்டு மறுபடி ஏற்றுகிறது. பேச்சு தொடங்கிவிட்டது, விசைப்பலகை மேலே வர இரண்டு வினாடி ஆகிறது என்றால் எனக்கு ஒரு வாக்கியம் போயிற்று. கடையிலேயே ஏழெட்டுச் செயலிகளைத் திறந்துவிட்டு, குறிப்பேட்டுக்கு வந்து விசைப்பலகை எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்று பாருங்கள்.

நிஜமான விசைகள் கொண்ட போன் மீது எனக்கும் மோகம் இருந்தது. பொத்தான் போன் காலத்தில் மேசைக்கு அடியில் வைத்துப் பார்க்காமலே குறுஞ்செய்தி தட்டியவள் நான். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் குறுஞ்செய்தி, யூனிகோட் தமிழுக்கு 70 என்று சுருங்கிவிடும். அதில் ‘கி’ என்பதே இரண்டாகக் கணக்காகும். பிளாக்பெர்ரியின் ‘கீ2’ 2018இல் வந்தபோது வாங்கிவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். இன்றும் அத்தகைய போன்களைச் சில சிறு நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் விசைகளில் அச்சிட்டிருப்பது ஆங்கில எழுத்து. பன்னிரண்டு விசை வரிசைக்கு அங்கே இடமே கிடையாது. ஒலிபெயர்ப்பில் தட்டுபவருக்கு அவை சொர்க்கமாக இருக்கலாம். நான் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

குரலால் தட்டச்சு செய்யலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்து பார்த்துவிட்டேன். அமைதியான அறையில், ஒருவர் மட்டும் போனைப் பார்த்து நிதானமாகப் பேசினால் நன்றாகவே வருகிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில், முகக்கவசத்துக்குள்ளிருந்து முணுமுணுக்கும் மருத்துவரின் முன்னால், அது எழுதுவதைப் படித்து அப்பா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். விரலை எடுக்காமல் எழுத்துகளின் மேல் இழுத்துத் தட்டும் முறையும் எனக்கு ஒத்துவரவில்லை. அதில் சொல் முழுதாக முடிந்த பிறகுதான் திரையில் தோன்றும். எழுத்து எழுத்தாக விழுந்தால் பாதிச் சொல்லிலேயே அப்பா மீதியைப் பிடித்துக்கொள்கிறார். அந்த அரை வினாடி எங்கள் இருவருக்கும் மிச்சம்.

கடைசியில் வாங்கியது அகலம் 71 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட உள்ள, தட்டைத் திரையுள்ள, 190 கிராமுக்கு உட்பட்ட போன். கேமரா சுமார். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

வாங்கியதோடு வேலை முடியவில்லை. முதல் மாலை முழுவதும் அமைப்புகளில் கழிந்தது. விசைப்பலகையின் உயரத்தை ஒரு படி கூட்டினேன். அது எழும்பி நின்றதால் போனைச் சற்று மேலே பிடிக்க முடிந்தது, சுண்டுவிரலின் பாரம் குறைந்தது. இடைவெளி விசை திரையின் அடி விளிம்போடு ஒட்டியிருந்தபோது, அவசரத்தில் விரல் மேல்நோக்கி வழுக்கி முகப்புத் திரைக்கே போய்விடுவதுண்டு. அதுவும் நின்றது. அடிக்கடி வரும் வாக்கியங்களுக்குச் சுருக்கம் போட்டுவைத்தேன்: ‘ஒநி’ என்று தட்டினால் "ஒரு நிமிடம், எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று வரும். ‘யாகே’ என்றால் "யார் கேட்கிறார்கள் என்று பார்க்கிறேன்". இப்படிப் பதினெட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போட்டால் எனக்கே மறந்துவிடுகிறது.

பிறகு, பரிந்துரைப் பட்டையை அணைத்தேன். கோபத்தில் செய்ததுதான், ஆனால் அதற்கு ஆதரவும் இருப்பதைப் பிறகு அறிந்தேன். 2019இல் ஆல்டோ, கேம்பிரிட்ஜ், சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 37,000 பேரைப் போனில் ஆங்கிலத்தில் தட்டவைத்து அளந்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொல். இரண்டு கட்டைவிரல்களாலும் தட்டியவர்கள் 38. தானாகத் திருத்தும் வசதியை வைத்திருந்தவர்கள் வேகமாக இருந்தார்கள். பட்டையிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களோ மெதுவாக. சொல்லைத் தேடிக் கண் மேலே போய் வரும் நேரம், தட்டி மிச்சப்படுத்தும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. தானாகத் திருத்துவதையும் தமிழுக்கு நான் அணைத்துவிட்டேன். ‘வரவேண்டியிருந்ததால்’ என்று ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டு போகும் மொழியில், நான் தட்டும் பாதிச் சொற்களை அது பிழை என்று நினைக்கிறது. உறவினர் பெயர்களை அது திருத்திய அழகை இங்கே எழுதினால் குடும்பத்தில் சண்டை வரும்.

போன வாரம் மறுபடி அதே மருத்துவர், அதே அறை. அளவு சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்றார். அவர் பேசப் பேசத் தட்டினேன். ‘மாற்ற’ விழுந்தது. வ, ஏ, ண, ட. தமிழ்99இல் அதுவரைக்கும் இரண்டு சொல்லும் ஒன்றுதான். அதற்கடுத்து ‘உ’வா ‘ஆ’வா என்பதில்தான் பிரிகின்றன, அந்த இரண்டும் வேறு வேறு வரிசை. அப்பா வழக்கமாகப் பாதிச் சொல்லிலேயே தலையாட்டிவிட்டு மருத்துவர் பக்கம் திரும்பிவிடுவார். அன்று திரும்பவில்லை. கடைசிப் புள்ளி விழும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.